எடுத்துப்போடச் சொன்ன எழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, வாயும் என்னுடையது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில், வளையல் கடைக்கும் கவரிங் கடைக்கும் நடுவில், கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். நான் அடித்து, பக்கம் அமைத்துக் கொடுத்தால் அச்சகத்தில் ஓட்டித் தருவார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் சண்டை போடுவதில்லை, அதற்கு அவர்களுக்கு அப்புறம் எவ்வளவோ நேரம் கிடக்கிறது. முன்னால் நடக்கிற சண்டை எல்லாம் பத்திரிகையில்தான். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று ஒரு வரி வருமே, அதற்குக் கீழே யார் பேர் முதலில் என்பதில்தான்.

நான் சொல்லப்போகும் பத்திரிகையில் சண்டைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பொண்ணின் பெரியப்பா, பொள்ளாச்சிக்காரர். இன்னொருவர் பொண்ணின் தாய்மாமன், கொடுமுடிக்காரர். என்றைக்கோ ஒரு நோம்பி விருந்துக்குப் போனபோது ஒருவர் மற்றவரை ‘வாங்க’ என்று கூப்பிடாமல் விட்டுவிட்டாராம். எங்கள் பக்கத்தில் கைநீட்டி அடித்தால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ‘வாங்க’ சொல்லாமல் விட்டால் தீரவே தீராது. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். இப்போது இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “எம் பேரு கீழ போச்சுன்னா நான் மண்டபத்துப் பக்கம் வரமாட்டனுங்க.” மாமன் வராவிட்டால் சீர் செய்ய ஆளில்லை. பெரியப்பா வராவிட்டால் பொள்ளாச்சிப் பக்கத்து ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பொண்ணின் அப்பாவோ, இந்தப் பேச்சு எடுத்தாலே பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

ஆக, பெரியப்பா பேர் மேலே வைத்து ஒரு பத்திரிகை அடித்தேன். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாமா வீட்டிலிருந்து போன் வந்தது. மாற்றி அடித்தேன். பெரியப்பா வீட்டிலிருந்து போன் வந்தது. இப்படியே மாற்றி மாற்றி அடித்ததில், எனக்கே எந்தப் பத்திரிகை எந்தச் சண்டைக்கு அப்புறம் வந்தது என்று தெரியாமல் போனது. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரையும் கடைக்கே வரச் சொன்னேன்.

வந்தார்கள். ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எதைச் சொன்னாலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

“அம்மணி, அவருகிட்டச் சொல்லுங்க, மாமன் மொறைன்னு ஒன்னு இருக்குதுன்னு.”

“அம்மணி, அதெல்லாம் எங்களுக்கும் தெரியுமுங்கன்னு அவருகிட்டச் சொல்லுங்க.”

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இருந்தாலும் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். கழுத்து வலியே வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு வழியாக ஒப்பந்தம் முடிந்தது. ஒருவர் பேர் மேலே வரும். இன்னொருவர் பேர் கீழே வரும், ஆனால் தடித்த எழுத்தில் வரும். அவர்கள் பார்க்கப் பார்க்கத் திரையில் அடித்தேன். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு, தான்தான் ஜெயித்தது என்ற நினைப்போடு எழுந்து போனார்கள். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். புதன்கிழமை குலதெய்வக் கோயிலில் முதல் பத்திரிகை வைக்க நாள் பார்த்திருந்தார்கள்.

அவர்கள் சந்து முனையைத் தாண்டியிருக்க மாட்டார்கள், கம்ப்யூட்டர் அணைந்தது. தானாகவே எரிந்தது. மறுபடி அணைந்தது. சனியன், இத்தனை நாள் முக்கி முனகி ஓடியது, இன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டது.

எனக்கு ஒரு கொழுந்தனார் இருக்கிறார். வீட்டுக்காரரின் தம்பி. ஐ.டி. கம்பெனியில் வேலை, அதுவும் வீட்டில் உட்கார்ந்தே. கம்ப்யூட்டர் என்றால் தன்னைத் தவிர இந்த ஜில்லாவில் ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். சும்மா ஒரு பட்டனை அழுத்துவதற்கு எதற்குக் கையை மடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, காரியம் ஆக வேண்டுமே.

“ஏனுங்கண்ணி, விண்டோஸ் கெட்டுப்போச்சுங்க. சி டிரைவச் சுத்தமா அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தோணும்.”

“தம்பி, எம் பத்திரிகை?”

“அது டி டிரைவுல இருக்குதுங்க. அதைத் தொடவே மாட்டேன்.”

“அப்ப எம் புரோகிராமெல்லாம்?”

“அதுல முக்காவாசி நான் அன்னைக்கே டி-லதான் ஏத்தி வெச்சனுங்க, ஞாபகமிருக்குதுங்களா? சி எரிஞ்சு சாம்பலானாலும் டி-ல இருக்கறது அப்படியே ஓடுமுங்க. நீங்க ஊட்டுக்குப் போயிச் சோறாக்குங்க, நான் பாத்துக்கறேன்.”

சோறாக்கப் போனேன். அங்கேதான் கெட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறபோது அவரிடமிருந்து போன் வந்தது.

“அண்ணி, தமிழ் டைப்பிங்குன்னு ஒரு பழைய ஃபோல்டர் சி-லயே கெடக்குதுங்க. எடுத்துப்போடட்டுங்களா?”

“அட, அதையெல்லாம் கேக்கோணுமா தம்பி! மொதல்ல அதை எடுத்துப்போடுங்க!”

எங்கள் பேச்சில் எதற்கும் ஒரு ‘போடு’ ஒட்டிக்கொண்டுதான் வரும். சாப்பிட்டுப்போடுவோம், தூங்கிப்போடுவோம், மறந்தும்போடுவோம். மழை வருகிறது, காயப்போட்ட துணியை எடுத்துப்போடு என்றால் பத்திரமாக உள்ளே கொண்டுவா என்று அர்த்தம். குழம்பில் முடி கிடக்கிறது, எடுத்துப்போடு என்றால் தூக்கி எறி என்று அர்த்தம். நான் சொன்னது துணி. அவர் கேட்டது முடி.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. முன்பெல்லாம் அது எழுந்து உட்காருவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வருவேன், இப்போது நாற்காலியை இழுப்பதற்குள் தயாராக நின்றது. திரையில், தட்டினால் புரோகிராம் திறக்குமே, அந்தப் பழைய குட்டிப் படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. தம்பி என்றால் தம்பிதான் என்று உருகிப்போனேன். அந்த உருக்கம், முதல் படத்தைத் தட்டுகிறவரைக்கும் இருந்தது. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. ‘இது சுட்டுகிற பொருள் இல்லை’ என்று என்னமோ சொன்னது. அடுத்ததும் அப்படியே. தம்பி கெட்டிக்காரர் அல்லவா, புரோகிராமை விட்டுவிட்டுத் திரையிலிருந்த படங்களை மட்டும் பென் டிரைவில் ஏற்றி மறுபடி இறக்கி வைத்திருக்கிறார். வீட்டைக் காலி செய்கிறவர் சாமானை விட்டுவிட்டு வாசலில் இருந்த பேர்ப்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்த மாதிரி.

போன் போட்டு வரவழைத்தேன். வந்ததும் டி டிரைவுக்குள் போய் ஒவ்வொன்றாக நேரடியாகத் திறந்து பார்த்தார். அப்படியே ஓடும் என்று நேற்று அவர் சொன்ன புரோகிராம்களில் பாதி, தன்னைப் புதிதாக ஏற்றச் சொல்லி அழுதது.

“அதென்னாச்சுன்னா அண்ணி… ஆளு டி-லதான் குடியிருக்குதுங்க. ஆனா அதோட ஆதார் கார்டு, ரேசன் கார்டெல்லாம் விண்டோஸ்ல பதிஞ்சிருந்துச்சு. அதை அழிச்சதும், ஆளு உசுரோடதான் இருக்குது, ஆனா விண்டோசுக்கு இது யாருன்னே தெரியல.”

“அதை நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே தம்பி.”

“நேத்து எனக்கும் தோணலீங்க.”

எதுவுமே ஓடவில்லை என்று சொன்னால் பாவம். பலூன் உடைக்கிற விளையாட்டு ஒன்று, யார் ஏற்றியதோ, ஜம்மென்று ஓடியது. அதற்கு ஆதாரும் வேண்டாம், ரேசனும் வேண்டாம். பக்கம் அமைக்கிற புரோகிராமும் கொஞ்சம் இருமிவிட்டுத் திறந்தது. எனக்கு உயிர் வந்தது. பத்திரிகையைத் திறந்தேன்.

பிள்ளையார் படம் இருந்தது. சுற்றிலும் பூ இருந்தது. நடுவில் தமிழ் இல்லை. தலையில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்து, டாலர், கேள்விக்குறி, எங்கெல்லாம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டுமோ அங்கெல்லாம் அரைப்புள்ளி. பழைய தமிழ் எழுத்துகளுக்கு அதுதான் பிறவிக்குறை. இங்கிலீஷ் எழுத்தின் நாற்காலியில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். தமிழ் எழுந்து போனால் நாற்காலி மட்டும் தெரியும்.

“எங்கீங்க தம்பி எம் டைப்பிங்கு?”

“நீங்கதான எடுத்துப்போடச் சொன்னீங்க?”

“ஆமா. எங்க எடுத்துப்போட்டீங்க?”

“எடுத்துத்தானுங்க போட்டேன். அழிச்சுப்போட்டேன்.”

கையில் ஸ்டேப்ளர் இருந்தது, நல்லவேளை அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். “நாசமாப் போங்க தம்பி!” என்றேன். என்ன கோபம் வந்தாலும் எங்களுக்கு அந்த ‘ங்க’ மட்டும் விழுவதில்லை. வளையல் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த டைப்பிங் புரோகிராம் போனதில் எழுத்து மட்டும் போகவில்லை, என் கையே போன மாதிரி. எந்தச் சாவியில் எந்த எழுத்து என்று என் மூளைக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதுவும் அந்தப் புரோகிராமில் மட்டும்தான் தெரியும். புதிய விண்டோஸில் இருந்த தமிழ்ப் பலகையில் ‘கல்யாணம்’ என்று அடித்துப் பார்த்தேன். வந்ததைப் படித்துவிட்டுத் தம்பி திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அதை விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஆனால் சி.டி. ஒன்று இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பீரோவில் மேல் தட்டில் பாருங்கள் என்றேன்.

“அது பீரோவுல இல்லம்மணி.”

“பின்ன?”

“கொய்யா மரத்துல இருக்குது.”

அணில் வராமல் இருக்கப் பளபளவென்று ஏதாவது கட்டித் தொங்கவிட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். மனுசன் என் தொழிலைக் கொண்டுபோய் மரத்தில் கட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வேட்டி நுனியில் துடைத்துக் கொடுத்தார். வெயில் பட்டு ஒரு பக்கம் உரிந்திருந்தது. உள்ளே தள்ளினால் கம்ப்யூட்டர் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. அணில் அப்புறமும் வந்ததா என்று கேட்டேன். தினமும் வருகிறதாம்.

தம்பி நெட்டிலிருந்து வேறு ஏதோ தமிழ் எழுத்தை இறக்கிப் போட்டார். இப்போது திரையில் தமிழ் வந்தது. ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்றுதான் தெரியவில்லை. ‘திருமண அழைப்பிதழ்’ இருந்த இடத்தில் ‘ஞூகுள்ணி றொஃப்பூ’ என்று நின்றது. இந்த எழுத்தின் நாற்காலி வரிசையே வேறாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பாவும் மாமாவும் வந்தார்கள். அச்சுக்குப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டேன். வேறு வழி? எழுத்து வரவில்லை, மறுபடி அடிக்க வேண்டும், யார் பேர் மேலே, யார் பேர் தடிமன் என்று சொல்லுங்கள் என்றேன்.

“எம் பேருதானுங்க மேல,” என்றார் பெரியப்பா என்னைப் பார்த்து.

“அம்மணி, மேல நானு. தடிமனுதான் அவருக்கு,” என்றார் மாமா என்னைப் பார்த்து.

ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். இருந்ததெல்லாம் பழைய வாட்ஸ்அப் பத்திரிகைகள். பெரியப்பா போனில் பெரியப்பா மேலே, மாமா போனில் மாமா மேலே. சனிக்கிழமை செய்தது இரண்டிலும் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல? அடிக்கிறபோது நான் படிப்பதில்லை, படித்தால் பைத்தியம் பிடிக்கும்.

தம்பி திரையைக் காட்டினார். அந்த உளறலிலும் இடம் மாறவில்லை. மேலே ஒரு வரி சன்னமாக, கீழே ஒரு வரி தடிமனாக. எது யாருடையது என்று கண்டுபிடித்தால் போதும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு பேருக்கும் பழனியில் மொட்டை அடித்து வைத்த பேர், ஒரே பேர். இனிஷியல் மட்டும்தான் வேறு. மேல் வரியில் அந்த இடத்தில் ஒரு டாலர் நின்றது. கீழ் வரியில் கொம்பு வைத்த ஓர் எழுத்து நின்றது.

இரண்டு பெரிய மனிதர்களும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார்கள்.

“டாலர் என்னோடதாத்தான் இருக்கோணும்,” என்றார் மாமா.

“அதெப்படிங்க உங்களுக்கு? உங்க ஊட்டுலயா யாராச்சும் அமெரிக்கா போயிருக்காங்க?”

“உங்களுக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்குது?”

“அட, இந்தப் புள்ளிய எண்ணிப் பாருங்க மொதல்ல. உங்கட்ட எத்தனை?”

“உங்கட்ட இருக்கறதேதானுங்க. பேரு ஒன்னுதானுங்களே!”

சொல்லிவிட்டு மாமா அப்படியே நின்றார். பெரியப்பாவும் நின்றார். நடுவில் நான் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சட்டென்று பெஞ்சுக்குப் போய், பழையபடி நடுவில் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

“இது சரிப்பட்டு வராதுங்க அம்மணி,” என்றார் பெரியப்பா. “கோயிலுக்கு வெச்ச நாளு போனாப் போவட்டும். நான் ஊருக்குப் போறேன்.” மாமாவும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எனக்குப் பகீரென்றது. இவர்கள் இரண்டு பேரும் இப்படியே ஆளுக்கொரு பஸ் ஏறிவிட்டால் அந்தக் கல்யாணத்தில் சீரும் இல்லை, ஒறம்பரையும் இல்லை.

நல்லவேளை, அதற்குள் கல்யாணப் பொண்ணே வந்துவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலை முடிந்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கவருக்கு என்ன கலர் என்று கேட்க வந்தவள். நடந்ததைச் சொன்னேன். அவள் பெரியப்பாவையும் பார்த்தாள், மாமாவையும் பார்த்தாள், திரையில் நின்ற டாலரையும் பார்த்தாள். பிறகு பெஞ்சின் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

“நான் போன்லயே அடிச்சுத் தாரனுங்கக்கா. வாட்ஸ்அப்புல அனுப்பிச்சா உங்களுக்கு வந்துருமுங்கல்ல?”

வரும் என்றார் தம்பி. இந்தக் காலத்து எழுத்து, அதற்கென்று சொந்த நாற்காலி இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே நிற்கும் என்றார். அதற்கு ஒத்துவருகிற புரோகிராம் ஒன்றையும் ஏற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்தார். இந்தத் தடவை எதையும் எடுத்துப்போட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

அவள் அடித்தாள். அம்மாடி, என்ன வேகம்! கட்டைவிரல் இரண்டும் பரபரவென்று ஓடின. கிளம்பின இரண்டு பேரும் கிளம்பாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்துக்கொண்டு, நாள், நட்சத்திரம், மண்டபம் என்று எடுத்துக் கொடுத்தார்கள். அவள் தன் பேருக்கு வந்தாள்.

“ஏங்கண்ணு, தப்பா அடிச்சுப்போட்டயே,” என்றார் பெரியப்பா.

“எங்கீங்க பெரியப்பா?”

“உம் பேருலதான். நடுவுல ஒரு துணைக்கால் எச்சா வந்துருச்சு பாரு.”

மாமாவும் குனிந்து பார்த்தார். “ஆமாங்கண்ணு, அந்தக் கால எடுத்துரு. நம்ம பத்திரிகைல அது இல்லியே.” சண்டை ஆரம்பித்ததிலிருந்து இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அவள் கட்டைவிரல் நின்றது. “எம் பேரு இதுதானுங்க மாமா,” என்றாள். “ஸ்கூல் சர்டிபிகேட்டுல இருந்து எல்லாத்துலயும் கால் உண்டுங்க.”

பெரியப்பா தன் போனில் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் மேலே இருந்ததிலும் சரி, இவர் மேலே இருந்ததிலும் சரி, எதிலும் அந்தக் கால் இல்லை. பொண்ணு வீட்டில் முதலில் எழுதிக் கொடுத்த தாளிலேயே விட்டுப்போயிருக்கிறது. நான் அப்படியே அடித்திருக்கிறேன், அவர்கள் அப்படியே படித்திருக்கிறார்கள். கால் இல்லாமல் வாசித்தால் அது வேறு யாரோ ஒரு பொண்ணின் பேர்.

“நீ ஏங்கண்ணு சொல்லல?” என்றார் மாமா. குரல் இறங்கிப்போயிருந்தது.

“சொல்லலாம்னுதான் இருந்தனுங்க. உங்க ரெண்டு பேரு சண்டையும் முடிஞ்சதும் சொல்லலாம்னு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் அல்லவா, பொறுமையாகத்தான் சொன்னாள்.

அவள் மறுபடி குனிந்து அடுத்ததை அடித்துக்கொண்டு போனாள். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வந்தது. நிமிர்ந்து, “இங்க யாரு பேருங்க மொதல்ல?” என்று கேட்டாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். பெரியப்பா சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். சித்தெ நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் தனக்குத் தோன்றியபடி அடித்து எனக்கு அனுப்பினாள். திரையில் வந்ததும், ஒரு தடவை சரி பார்த்துவிடுங்கள் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் வந்து, விரலை வைத்து, அவள் பேரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

“சரியா இருக்குதுங்க அம்மணி, அச்சுக்குக் குடுத்துருங்க,” என்றார் பெரியப்பா. “ஆமாங்க, குடுத்துருங்க,” என்றார் மாமா. கீழே யார் பேர் முதலில் இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவே இல்லை.